அமரர் தையல்நாயகி வந்திறங்கினா

வாங்கோ தம்பி, வாங்கோ. அந்தக் கதிரையிலை இருக்காதேங்கோ, அதுக்கு ஒரு கால் சரியில்லை. இதிலை இருங்கோ. அம்மா வீட்டிலை இல்லை. காணி குடுக்கிற அரசாங்கக் கந்தோருக்குப் போட்டா. பயப்பிடாதேங்கோ, தனியத்தான் போறவ. பஸ்ஸிலை போய் பஸ்ஸிலை வருவா, ஒண்டும் நடக்காது. நடக்கிறதெண்டால் கந்தோரிலை இருக்கிற ஆக்களுக்குத்தான் நடக்கும். நீங்கள் தேத்தண்ணியைக் குடியுங்கோ. அவ வாறதுக்கிடையிலை நான் உங்களோடை கொஞ்சம் கதைக்கவேணும்.

ஓம், நான்தான் மங்களம். ரொறன்ரோவுக்கு ரெலிபோன் எடுத்து, "உங்கட அம்மாவை வந்து கூட்டிக்கொண்டு போங்கோ" எண்டு சொன்ன மங்களம் நான்தான். உங்களுக்குக் கோவம் இருக்கும். காசு போட்டு வீடு கட்டித் தந்த ஆளுக்கு, அந்த வீட்டிலையே இருந்துகொண்டு, உங்கட தாயைக் கொண்டுபோங்கோ எண்டு சொல்லுறது எவ்வளவு நன்றிகெட்ட வேலை எண்டு எனக்குத் தெரியாதே? தெரியும். எண்டாலும் முழுக்கதையையும் கேட்டியள் எண்டால் என்னிலை பிழை சொல்லமாட்டியள். பிழை முழுக்க அவவிலைதான். கொஞ்சம் உங்களிலையும் இருக்கு. கோவிக்காதேங்கோ, சொல்லுறன்.

நாங்கள் இந்தியாவிலை மண்டபம் அகதி முகாமிலை இருந்து வந்த ஆக்கள் எண்டு உங்கட ஊர் ஒன்றியத்திலை உங்களுக்குச் சொல்லியிருப்பினம். நான் கலியாணம் கட்டினது, பிள்ளையளைப் பெத்தது, அவையைக் கட்டிக்குடுத்தது, எல்லாம் அந்த முகாமிலைதான். அங்கை இருந்த காலம் முழுக்க எங்களைச் சிலோன்காரர் எண்டவை. சரி, சொந்த நாட்டுக்குப் போவம் எண்டு வந்தால் இஞ்சை எங்களை இந்தியாக்காரர் எண்டினம். வந்த புதுசிலை தகரக் கொட்டிலுக்கைதான் கிடந்தனாங்கள். வெயிலுக்கு அவிஞ்சு, மழைக்கு நனைஞ்சு, பாம்புக்குப் பயந்து. அப்பதான் உங்கட ஊர் ஒன்றியம் கனடாவிலையிருந்து வந்து, இருபது வீடு கட்டித் தாறம் எண்டது. கனடாவிலை இருக்கிற ஒரு குடும்பம் ஒரு வீட்டுக்குக் காசு போடும், செத்துப்போன தங்கட ஆக்களின்ர பேரிலை. நல்ல காரியம் தம்பி. நான் ஒரு குறையும் சொல்லமாட்டன். சமைக்கிற குசினி கொஞ்சம் சின்னன், பறவாயில்லை. கூரைத் தண்ணி நேரை வாசற்படியிலைதான் விழுந்தது, அதையும் விடுங்கோ.

ஆனால் பாருங்கோ, இருபது வீட்டுக்கும் செத்த ஆக்கள். ஒவ்வொரு வாசலிலையும் ஒரு கறுப்புக் கல்லு, அமரர் இன்னார் ஞாபகார்த்தமாக எண்டு. உள்ளுக்குக் கண்ணாடி போட்ட படம். போகப் போக என்ன நடந்ததெண்டால், எங்களுக்கு எங்கட பேரே இல்லாமல் போச்சுது. தபால்காரன் வந்தால் "அப்போதிக்கரி வீடு எது?" எண்டுதான் கேப்பான். ஸ்ரேசன் மாஸ்ரர் வீட்டுக்காரி எண்டால் எதிர்வீட்டுப் புவனேசு. அவளின்ர மனுசன் பெயின்ற் அடிக்கிறவர், ரெயிலுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. குழாயடியிலை சண்டை வந்தாலும், "எங்கட ஆள் ஆர் தெரியுமோ? காணி உறுதி எழுதின நொத்தாரிசு!" எண்டுதான் தொடங்கும். அந்த நொத்தாரிசை அந்த வீட்டுக்காரி கண்டது படத்திலைதான்.

அந்த வகையிலை எங்கட வீட்டுக்கு ஒரு தனி மதிப்பு இருந்தது. மற்ற வீட்டுக்காரருக்கு ஒரு ஆள்தானே, எங்களுக்கு ரெண்டு பேர். "அமரர்கள் விசுவலிங்கம் தையல்நாயகி தம்பதியர் ஞாபகார்த்தமாக" எண்டு பெரிய எழுத்திலை வெட்டியிருக்கு.

ஏன் தம்பி உங்கட முகம் இப்பிடிப் போகுது? அப்ப அம்மா உங்களுக்குச் சொல்லவேயில்லையோ? வாசல் சுவரிலை ஒரு கலண்டர் தொங்குதெல்லே, அதைத் தூக்கிப் பாருங்கோ. இப்ப வேண்டாம், தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் பாருங்கோ.

அதுதான் உங்களிலையும் கொஞ்சம் பிழை எண்டு சொன்னனான். உங்களிட்டை அப்பாவின்ர படம் ஒண்டு கேட்டவை. நீங்கள் அனுப்பினது அவையின்ர அறுபதாம் கலியாணப் படம். ரெண்டுபேரும் பக்கத்திலை பக்கத்திலை, கழுத்திலை பெரிய மாலை. கீழை ரெண்டுபேரின்ர பேரையும் வேறை எழுதிவிட்டிருக்கிறியள். கல்லு வெட்டுறவன் பாத்தான். படத்திலை மாலை போட்டிருந்தால் ஆள் செத்திட்டுது எண்டதுதானே அவனுக்குத் தெரிஞ்ச கணக்கு. ரெண்டுபேருக்கும் மாலை, அப்ப ரெண்டுபேரும் செத்திட்டினம் எண்டு வெட்டிப்போட்டான். அப்பா தனிய நிக்கிற படம் ஒண்டுகூடவோ உங்களிட்டை இல்லை? சரி விடுங்கோ. திறப்புவிழாப் படங்களிலையாவது கண்டிருப்பியள் எண்டு நினைச்சன். அதிலையும் வழியில்லை, எல்லாப் படத்திலையும் ஒன்றியத் தலைவர் கல்லை மறைச்சுக்கொண்டுதானே நிக்கிறார்.

எங்களுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? வீடு தந்த தெய்வங்கள் எண்டு ஒவ்வொரு நாளும் காலமையும் பின்னேரமும் விளக்குக் கொளுத்தி, பூ வைச்சுக் கும்பிட்டன். உள்ளதைச் சொன்னால், அப்பாவை நான் அவ்வளவாகக் கும்பிடேல்லை. குறைநினைக்காதேங்கோ, அந்தப் படத்திலை அவர் கடன் கேட்டு வந்த ஆளைப் பாக்கிற மாதிரிப் பாக்கிறார். அம்மாவிலை ஒரு சின்னச் சிரிப்பு இருக்கு. அதாலை எல்லாத்தையும் அவவிட்டைத்தான் சொல்லுவன். கட்டின மனுசனுக்குச் சொல்லாத கதையெல்லாம் அந்தப் படத்துக்குத் தெரியும்.

முக்கியமா என்ர தங்கச்சி கௌரியின்ர கதை. அவள் இன்னும் மண்டபத்திலைதான் நிக்கிறாள், ரெண்டு பொம்பிளைப் பிள்ளையளோடை. புருசன்காரன் விட்டிட்டுப் போட்டான். இஞ்சை வாறதெண்டால் அவளுக்கு ஒரு துண்டுக் காணி வேணும். இஞ்சை கேட்டால், ஆள் வரட்டும் காணி தாறம் எண்டினம். அங்கை கேட்டால், காணி இருக்கெண்டு காட்டு, அனுப்புறம் எண்டினம். நானும் கந்தோர் கந்தோராய்ப் போனன். கடைசியிலை படத்துக்கு முன்னாலை வந்து நிண்டு, "தாயே, நீதான் அவளை இஞ்சாலை கொண்டுவந்து சேர்க்கவேணும்" எண்டு அழுவன். பின் அறையைக் கூட்டித் துடைச்சு அவளுக்கெண்டே பூட்டி வைச்சிருந்தன்.

இப்பிடி இருக்கேக்கை, தீபாவளிக்குக் கிட்டத்தான், ஒருநாள் வாசலிலை ஒரு வான் வந்து நிண்டுது. நான் முத்தத்திலை மிளகாய் காயப்போட்டுக்கொண்டு நிண்டன். கதவைத் திறந்துகொண்டு ஒரு மனுசி இறங்குறா. காலிலை சப்பாத்து, கையிலை பெரிய பை. முகத்தைப் பாத்தன். தம்பி, காலமை நான் பூ வைச்ச அதே முகம்!

நான் கத்தின கத்துக்கு ஊரே வந்திட்டுது. எங்கட மனுசன் ஏணியிலை நிண்டு கூரைத் தண்ணிக்குப் பீலி பூட்டிக்கொண்டிருந்தவர், பீலியைக் கட்டிப்பிடிச்சபடி அப்பிடியே நிண்டிட்டார். அவ ஒருத்தரையும் பாக்கேல்லை. நேரை வந்து, கண்ணாடியைப் போட்டு, கல்லை எழுத்துக்கூட்டி வாசிச்சா. பிறகு உள்ளுக்கு எட்டிப் பாத்தா, விளக்கு எரியுது, படத்துக்கு மேலை செவ்வரத்தம்பூ. என்னட்டைத் திரும்பி, "பிள்ளை, நான் எப்ப செத்தனான்?" எண்டு கேட்டா.

நான் அவவின்ர காலிலை விழுந்திட்டன். பக்தியிலை எண்டு புவனேசு எல்லாருக்கும் சொன்னாள். பக்தியும் இல்லை ஒண்டும் இல்லை, பேய் எண்ட பயந்தான். அண்டைக்கே எங்கட மதிப்பும் போச்சு. "அப்ப உங்கடது அரை வீடுதானே?" எண்டு அதே புவனேசு கேட்டாள். எங்கட மனுசன் கல்லுக்கு மேலை சீமெந்து பூசப் போனவர், அவ விடேல்லை. "இருக்கட்டும் தம்பி, ஏன் வீண்செலவு? பிறகு உதவும்தானே" எண்டா. எனக்கு அதைப் பாக்க ஏலாமல்தான் கலண்டரைக் கொழுவினன்.

ரெண்டு கிழமை நிண்டிட்டுப் போறன் எண்டுதான் வந்தவ. பின் அறையைத் திறந்து குடுத்தன். இப்ப தைப்பொங்கலும் முடிஞ்சுது. விசாவை நீட்டிப்போட்டா. என்ன நியாயம் சொல்லுறா தெரியுமோ? "இந்த வீடு செத்த ரெண்டு பேரின்ர பேரிலை தந்தது. அதிலை ஒரு ஆள் சாகேல்லை. அப்ப அரைவாசி வீடு இன்னும் குடுபடேல்லை. அந்த அரைவாசியிலைதான் நான் இருக்கிறன்." இது சரியோ? நீங்கள் படிச்ச ஆள், சொல்லுங்கோ பாப்பம்.

நான் சமைக்கிறது ஒண்டும் அவவுக்குச் சரிவராது. சாம்பாரைக் கண்டால் "இந்தியத் தண்ணி" எண்டுவா. பெருங்காய டப்பாவை ஒளிச்சு வைச்சிட்டா, இன்னும் எடுக்கேல்லை. நானும் விடமாட்டன், அவவின்ர பொரிச்ச குழம்பிலை எண்ணெய் மிதக்குதெண்டு சொல்லுவன். "உன்ர நாக்கு கடலுக்கு அங்காலை செத்துப்போச்சு" எண்டுவா. "செத்த ஆள் நீங்களெல்லே" எண்டுவன் நான். சில நாளையிலை ரெண்டுபேரும் கத்திக் கத்திப் பாத்தால் அடுப்பிலை இருக்கிறது கருகியிருக்கும். எங்கட மனுசன் இப்பெல்லாம் தட்டைத் தூக்கிக்கொண்டு முத்தத்திலை போய் இருந்துதான் சாப்பிடுறார்.

இதெல்லாம் வீட்டுக்குள்ளை. வெளியிலை அவ செய்த வேலைதான் பெரிய வேலை. கல்லுகளிலை இருக்கிற ஆக்கள் எல்லாரும் உங்கட ஊர் ஆக்கள்தானே? அவவுக்கு எல்லாரையும் தெரியும்! பின்னேரத்திலை குடையைப் பிடிச்சுக்கொண்டு வீடு வீடாய்ப் போய்ப் படங்களைப் பாத்தா. அப்போதிக்கரியைப் பாத்திட்டு, "இவரோ? இவர் அப்போதிக்கரியிட்டை மருந்து வாங்கிக் குடிச்சவர், வேறை ஒண்டும் இல்லை" எண்டா. ஸ்ரேசன் மாஸ்ரர் ஸ்ரேசனிலை ரிக்கற் குடுத்தவராம். அதாவது பறவாயில்லை. தன்ர வேலியாலை வெளியிலை நீட்டின கொய்யாக்கொப்பிலை சின்னப் பிள்ளையள் கைவைச்சாலும் தடி எடுத்துக்கொண்டு வாற ஆளாம். புவனேசு அழுதுபோட்டாள் தம்பி. தன்ர மகளுக்குப் பிறந்த பொடியனுக்கு அந்தாளின்ர பேரை வைச்சிருக்கிறாள். நொத்தாரிசு வீட்டுக்காரி மட்டும் கும்பிட்டுக் கேட்டாள், "அம்மா, எங்கட ஆளைப் பற்றி ஒண்டும் சொல்லாதேங்கோ" எண்டு. உங்கட அம்மா கொஞ்சநேரம் படத்தைப் பாத்துக்கொண்டு நிண்டு, "சரி, சொல்லேல்லை" எண்டிட்டு வந்தா. அது அதைவிட மோசமாப் போச்சு. அவள் இப்ப நித்திரை கொள்ளுறதே இல்லை.

சனம் கூட்டம் போட்டு என்னைக் கூப்பிட்டு, உங்கட அமரரை அனுப்புங்கோ எண்டு சொல்லிப்போட்டுது. அடுத்த கிழமை கௌரியும் பிள்ளையளும் வருகினம், அவைக்கும் அறை வேணும். அதாலைதான் உங்களுக்கு எடுத்தனான். நான் எடுத்தது அவவுக்குத் தெரியாது. நியாயம்தானே? ஆர் கேட்டாலும் நியாயம் எண்டுதான் சொல்லுவினம்.

என்ன கேக்கிறியள்? கௌரி எப்பிடி வாறாள் எண்டோ? அதை நான் சொல்லேல்லையோ?

உங்கட அம்மா வந்து ஒரு கிழமை இருக்கும். விளக்குக் கொளுத்துற நேரம் எனக்குக் கையும் ஓடேல்லை காலும் ஓடேல்லை. உயிரோடை இருக்கிற ஆளின்ர படத்துக்கு எப்பிடிக் கொளுத்துறது? பழகின வாய், சொல்லாமலும் இருக்க ஏலாது. அவ வந்து பக்கத்திலை நிலத்திலை இருந்தா. "ஒவ்வொரு நாளும் என்னட்டை என்னவோ கேட்டனியாம். என்ன கேட்டனி?" எண்டா. முகத்தைப் பாத்துச் சொல்ல எனக்கு வெக்கமாய்க் கிடந்தது. படத்தைப் பாத்துத்தான் சொன்னன். கௌரி, பிள்ளையள், காணி எல்லாத்தையும் சொன்னன். அவ முழுக்கக் கேட்டா. பிறகு அப்பாவின்ர பக்கம் கையைக் காட்டி, "நான் இந்த மனுசனுக்கு ஆயுசு முழுக்கச் சொன்ன கதையிலை ஒண்டைத்தன்னும் இவர் காதுகுடுத்துக் கேட்டதில்லை. என்னட்டை ஒரு ஆள் வந்து கதை சொல்லியிருக்கு, அதுவும் நான் செத்தாப்பிறகு" எண்டு சிரிச்சா. சிரிக்கேக்கை கண் கலங்கிப்போச்சு அவவுக்கு. எனக்கும்தான்.

அடுத்த நாள் காலமை சீலையை உடுத்துக்கொண்டு கந்தோருக்குப் போனா. ஆள் வரட்டும் எண்டு அவை சொன்னதுக்கு, "ஆள் வரும்வரைக்கும் நான் இருக்கிறன்" எண்டு சனம் குந்துற வாங்கிலை இருந்திட்டாவாம். கிழமைக்குக் கிழமை போவா, இருப்பா. மத்தியானச் சாப்பாட்டை நான்தான் கட்டிக் குடுப்பன், சாம்பார் இல்லாமல். அங்கை இருக்கிற அதிகாரி ஐயாவுக்கு இங்கிலீசிலை சட்டம் சொல்லிக் குடுப்பாவாம். கடைசியிலை எங்கட வேலியோடை ஒட்டின துண்டையே கௌரியின்ர பேருக்குத் தந்திட்டினம். வீடும் வரும். ஒன்றியத் தலைவருக்கு அவ ஒவ்வொரு நாளும் இஞ்சையிருந்து ரெலிபோன் எடுக்கிறா, அந்தாள் இப்ப நம்பரைக் கண்டாலே எடுக்கிறதில்லையாம்.

காணி சரி எண்டு தெரிஞ்ச நாள் நான் என்ன செய்தன் தெரியுமோ? ஓடிப்போய்ப் படத்துக்கு முன்னாலை விழுந்து, "தாயே, தந்திட்டியே!" எண்டு அழுதன். பின்னாலை ஒரு சத்தம். "மங்களம், நான் இஞ்சை நிக்கிறன்" எண்டு.

இண்டைக்கும் கௌரியின்ர அலுவலாய்த்தான் போயிருக்கிறா.

ஒருநாள் சண்டைக்குள்ளை கேட்டன், உங்களுக்கு அங்கை என்ன குறை, ஏன் போறியள் இல்லை எண்டு. ஒரு குறையும் இல்லையாம். மகன் தங்கம், மருமகளும் நல்லவள். "அங்கை ஒருத்தரும் என்னோடை சண்டைபிடிக்கமாட்டினம், மங்களம். கறிக்கு உப்புக் காணாது எண்டாலும் ஓகே அம்மா. எனக்கு நித்திரை வரேல்லை எண்டாலும் ஓகே அம்மா. சொல்லிப்போட்டு அவையவை தங்கட அறைக்குப் போயிடுவினம்" எண்டா. உங்களைக் குத்திக் காட்டுறதுக்குச் சொல்லேல்லைத் தம்பி. அவ சொன்னதைச் சொன்னன். நீங்கள் வேலை வேலை எண்டு ஓடுற ஆக்கள், உங்களுக்கு எங்கை சண்டைபிடிக்க நேரம்?

தேத்தண்ணி ஆறிப்போச்சு, வேறை ஊத்தட்டோ?

சரி, விசயத்துக்கு வருவம். எப்ப கூட்டிக்கொண்டு போறியள்? நாளைக்கோ? நாளைக்கேயோ? ரெண்டு ரிக்கற்றும் எடுத்துக்கொண்டே வந்திட்டியளோ? நான் சும்மா ஒரு ரெலிபோன் எடுத்ததுக்கு உடனை ரிக்கற் எடுக்கிறதே? கௌரி அடுத்த கிழமை வாறாள். தனக்குக் காணி எடுத்துத் தந்த மனுசியை அவள் பாக்கவேண்டாமே? ஊறப்போட்ட புளியும் இன்னும் கரையேல்லை, நீங்கள் நாளைக்கெண்டு நிக்கிறியள்.

அறையோ? அறையைப் பற்றி ஆர் கதைச்சது? நாங்கள் மண்டபத்திலை இந்தக் குசினியளவு அறைக்குள்ளை ஒன்பது பேர் படுத்தனாங்கள். கௌரிக்கு ஒரு பாய் காணும். பிள்ளையள் என்னோடை படுக்கட்டும். சனமோ? சனம் ஆயிரம் சொல்லும். அவையின்ர அப்போதிக்கரி அப்போதிக்கரி இல்லை எண்டால் அதுக்கு இந்த மனுசி என்ன செய்யிறது? புவனேசுகூட நேற்று வந்து, இந்தக் கொய்யாக்கதையை இன்னொருக்காச் சொல்லுங்கோ எண்டு கேட்டு, விழுந்து விழுந்து சிரிச்சிட்டுப் போறாள்.

இல்லைத் தம்பி, நான் கதையை மாத்தேல்லை. அவ சரியான கரைச்சல் பிடிச்ச மனுசிதான். அவவோடை ஒரு நாள் இருக்கிறது பெரிய பாடு. ஆனால் அவ போனால் நான் இந்த வீட்டிலை ஆரோடை கதைக்கிறது, சொல்லுங்கோ. எங்கட மனுசனோடையோ? அவர் வாய் திறந்து கதைச்சதை நான் கண்டதே குறைவு. பழையபடி படத்தோடையோ? அது இனி என்னாலை ஏலாது. எனக்கு ஒரு கூடப்பிறந்தவள் கடலுக்கு அங்காலையிருந்து வாறாள் எண்டால், மற்றக் கூடப்பிறந்தவளை நான் கடல் கடந்து அனுப்பவேணுமோ? எனக்கு ரெண்டுபேரும் வேணும்.

பொறுங்கோ. பஸ் நிண்ட சத்தம் கேட்டதெல்லே? அவதான். ஐயோ தம்பி, வடிவாய்க் கேளுங்கோ. நான் உங்களுக்கு ரெலிபோன் எடுக்கேல்லை. நீங்கள் உங்கட பாட்டிலை வந்தனீங்கள். லீவு கிடைச்சுது, வந்தனீங்கள். அந்த ரிக்கற்றை உள்ளுக்கு வையுங்கோ, பொக்கற்றுக்குள்ளை, இன்னும் உள்ளுக்கு. முகத்தை இப்பிடி வைச்சிருக்காதேங்கோ, கொஞ்சம் சிரியுங்கோ. உங்களுக்குக் கோடி புண்ணியம் கிடைக்கும்.

அக்கா! இஞ்சை ஓடி வாங்கோ, ஆர் வந்திருக்கிறதெண்டு பாருங்கோ! உங்கட மகன்! ஓம், திடீரெண்டு வந்து நிக்கிறார், எனக்கே தெரியாது. இல்லையக்கா, ஏன் பயப்பிடுறியள்? உங்களைக் கூட்டிக்கொண்டு போக வரேல்லையாம். நீங்கள் இருக்கிற இடத்தைச் சும்மா பாத்திட்டுப் போகத்தான் வந்தவராம், இவ்வளவு நேரமும் அதைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தவர். என்ன தம்பி, அப்பிடித்தானே சொன்னனீங்கள்?